நான்கு பேர், ஒரு நிலவறை: டர்பனில் இருந்துகொண்டு நண்பர்களோடு க்ளூம்ஹேவன் ஆடுவது எப்படி

நாங்கள் நால்வரும் சேர்ந்து க்ளூம்ஹேவன் ஆடலாம் என்று முடிவு செய்தது ஜூன் கடைசியில். ஆட்டத்துக்குள் முதல் கதவைத் திறந்தது ஆகஸ்ட் நடுவில். இடைப்பட்ட ஏழு வாரத்தில் ஒரு எலும்புக்கூட்டைக்கூட நாங்கள் அடிக்கவில்லை. விலாசச் சான்று, வங்கிக் கார்டு, ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் கணக்கு, ரூட்டர் என்று வெளியிலேயே மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோம். உங்களுக்கு அந்த ஏழு வாரம் ஒரு வாரமாகச் சுருங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரன். டர்பனுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, வாடகை வீடு. கூட ஆடுபவர்கள் மூவர்: டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அண்ணன், ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் என் கல்லூரித் தோழி, மொரீஷியஸில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி. உங்கள் கூட்டமும் இப்படி ஊருக்கு ஒருவராகச் சிதறித்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் உள்ள சிக்கலைச் சேர்த்தே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஆள் மாற்றி ஆள் ஆடும் ஆட்டம். நான்கு கூலிப்படை வீரர்கள் நிலவறைக்குள் அறை அறையாகப் போய்ச் சண்டை போடுகிறார்கள். பகடை கிடையாது. கையில் இருக்கும் சீட்டுகள்தான் உங்கள் அடி, நடை, மூச்சு எல்லாம். இதன் அட்டைப்பெட்டி வடிவம் கிட்டத்தட்ட 10 கிலோ எடை. அதை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கூரியருக்கும் சுங்கத்துக்கும் அழுவதைவிடக் கணினி வடிவம் எவ்வளவோ மேல்.

1. முதலில் எல்லோரும் ஒரே கடையில் வாங்குவது என்று பேசிக்கொள்ளுங்கள்

ஒருவர் கணினி, ஒருவர் ப்ளேஸ்டேஷன், ஒருவர் எக்ஸ்பாக்ஸ் என்று ஆரம்பித்தால் தலைவலிதான். நாங்கள் நால்வரும் கணினி, நால்வரும் ஸ்டீம் என்று வைத்துக்கொண்டோம். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

2. இணைப்புக்கான காகிதங்கள்

இந்த ஊருக்குப் புதியவர் என்றால் இங்கேதான் அதிக நாள் போகும். தென்னாப்பிரிக்காவில் சிம் வாங்கினாலும் ஃபைபர் போட்டாலும் ரிக்கா என்ற தொலைத்தொடர்புச் சட்டப்படி அடையாளச் சான்றும் விலாசச் சான்றும் கேட்பார்கள். நமக்குப் பாஸ்போர்ட் போதும். விலாசச் சான்றுதான் இடிக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், உங்கள் பெயரும் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் தண்ணீர், மின்சார பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில்தானே வரும்?

வழி இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ‘இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்’ என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். அதில் பக்கத்துக் காவல் நிலையத்தில் அவரையே கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் உள்ள பில், உங்கள் வாடகை ஒப்பந்தம் மூன்றையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நான் நகல் எடுக்காமல் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன். சுவரில் துளை போட வேண்டியிருந்தால் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதியும் தேவைப்படும். அந்த ஒரே சந்திப்பில் அதையும் எழுதி வாங்கிவிடுங்கள். மறுபடியும் அவரைப் பிடிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

இங்கே ஃபைபரில் இரண்டு நிறுவனங்கள் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓபன்சர்வ், வூமாடெல் போல ஒன்று வயரை வைத்திருக்கும். நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது இன்னொன்றுக்கு. உங்கள் தெருவில் யாருடைய வயர் ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் இணைப்புக்காரரைத் தேடுங்கள். ‘மாதச் சந்தா, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்று விளம்பரத்தில் இருக்கும். ஆனால் ஒரு வருடத்துக்குள் நிறுத்தினால் இணைப்புக் கட்டணத்தையும் ரூட்டர் விலையையும் திரும்பக் கேட்கும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. வீடு மாறும் எண்ணம் இருந்தால் கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வேகத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். இந்த ஆட்டத்தில் கண் சிமிட்டும் நேரத்தில் சுட வேண்டிய வேலை கிடையாது. இணைப்பு அறுபடாமல் இருந்தால் போதும், வேகம் குறைந்த திட்டமே தாராளம்.

3. வாங்குவது: நாங்கள் விழுந்த குழிகள்

ஆளுக்கு ஒரு பிரதி வேண்டும். நான்கு பேர் என்றால் நான்கு பிரதிகள். இதில் குறுக்கு வழி தேடித்தான் எங்களுக்கு மூன்று வாரம் போனது.

முதல் குறுக்கு வழி, ஸ்டீம் குடும்பக் கணக்கு. ‘ஒருத்தர் வாங்கினா எல்லாரும் ஆடலாமாம்’ என்று தம்பி சொன்னான். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பது அப்புறம் தெரிந்தது. குடும்பம் ஒரே வீடாகவும் இருக்க வேண்டும், வேறு நாட்டில் இருப்பவரைச் சேர்க்க முடியாது. சேர்ந்துவிட்டு விலகினால் அந்த இடம் ஒரு வருடம் பூட்டியே கிடக்கும். இதற்காகக் குடும்பம் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டாவது, ஊரிலிருந்து பரிசாக அனுப்பச் சொல்வது. சென்னையில் ஒரு நண்பனை விட்டு இந்திய விலையில் வாங்கி எனக்கு அனுப்பச் சொன்னேன். இரு நாட்டு விலைக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் ஸ்டீம் அந்தப் பரிசை அனுப்பவே விடாது. விபிஎன் போட்டு நாட்டை மாற்றுவது விதிப்படி தப்பு, கணக்கே போகலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஊரில் தொடங்கிய கணக்கோடு வந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: உங்கள் கணக்கு இன்னும் இந்தியக் கடையில் நிற்கும். இங்கே குடியேறிவிட்டால் நாட்டை மாற்றத்தான் வேண்டும். தென்னாப்பிரிக்க வங்கிக் கார்டால் ஒரு பொருள் வாங்கும்போது அது மாறும், விலை இந்த நாட்டுப் பணமான ரேண்டில் தெரியும். 15 சதவீத வாட் வரி அந்த விலைக்குள்ளேயே அடக்கம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை என்று ஊசலாடினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மொரீஷியஸ்காரருக்கு அங்குள்ள ரூபாயில் விலை தெரியாது, டாலர்தான். மாற்று விகிதத்தோடு வங்கிக் கட்டணமும் சேரும் என்பதால் தம்பிக்கு எங்களைவிடக் கூடுதலாகப் போனது.

கார்டு: இங்குள்ள வங்கி என்றால் செயலியில் ஒப்புதல் கேட்கும், ஆகவே கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இந்தியக் கார்டு என்றால் இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். மூடியிருந்தால் ‘பரிவர்த்தனை தோல்வி’ என்று மட்டும் வரும், காரணம் வராது.

இன்னொன்று. புதுக் கணக்கில் 5 டாலர் மதிப்புக்காவது எதையாவது வாங்கும்வரை நண்பர் கோரிக்கை அனுப்ப முடியாது. சாட்ஸ்வர்த் அண்ணனுக்கு நான் ரேண்டிலேயே பரிசாக வாங்கிக் கொடுத்தேன், பிறந்தநாள் வேறு. பரிசாக வந்தது அவர் செலவில் சேராது. அவரால் யாரையும் சேர்க்க முடியாமல் ‘இது என்ன, கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தி வைத்த மாதிரி’ என்று சிரித்தார். அப்படி ஆனால் நீங்கள் அவருக்குக் கோரிக்கை அனுப்புங்கள், அவர் ஏற்றுக்கொள்ளலாம்.

அவசரம் இல்லையென்றால் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். ஸ்டீமின் கோடை விற்பனை ஜூன் கடைசியில் வரும். நமக்கு அப்போது குளிர்காலம், ஆட்டத்துக்கு அதைவிடத் தோதான பருவம் உண்டா? டிசம்பரில் இன்னொன்று. நாங்கள் பாதிக்கும் குறைந்த விலையில்தான் வாங்கினோம்.

பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சிப் பாடங்களும் அந்தக் கணக்கில் சேரும், ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் சேரும். சந்தேகம் உள்ளவர் முதல் நாளிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

4. இறக்குவது

எவ்வளவு இடம் வேண்டும் என்று ஸ்டீம் பக்கத்திலேயே போட்டிருக்கும். பார்த்துவிட்டு இறக்குங்கள். ஃபைபர் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள்.

மொபைல் டேட்டாவில் இறக்குபவர்களுக்குத்தான் இது. பல திட்டங்களில் டேட்டாவில் ஒரு பங்கு நள்ளிரவுக்கு மேல்தான் வேலை செய்யும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்து நான் மாலை ஆறு மணிக்கு இறக்க ஆரம்பித்தேன். பகல் டேட்டா தீர்ந்து, பாதியில் நின்று, மறுபடி காசு போட்டேன். நள்ளிரவுக்கு மேல் இறக்கத்தைத் தொடங்கிவிட்டுத் தூங்குங்கள். ஆடும் நாளுக்கு முந்தின இரவே எல்லோரும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஒருவருடைய பதிப்பு பழையதாக இருந்தாலும் சேர முடியாது.

5. கரண்ட்

2024 மார்ச் கடைசிக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெரிதாக இல்லை, 2025 முதல் பாதியில் சில நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் வயர் திருட்டு, பழுது என்று ஏதோ ஒன்றில் தெருவே இருண்டுபோவது இங்கே சகஜம். மின்வெட்டு நேரம் சொல்லும் எஸ்காம் சே புஷ் செயலியில் உங்கள் பகுதியோடு நண்பர்கள் பகுதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள், எனக்கு 700 ரேண்டுக்குள் ஆனது. மடிக்கணினியில் ஆடினால் அதுவே போதும். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை: ஃபைபர் வந்து நுழையும் சுவர்ப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். நான் ரூட்டரை மட்டும் மாட்டிவிட்டுக் கரண்ட் போன அன்று வைஃபை விளக்கு எரிவதையும் இணையம் இல்லாததையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வயர் போகும் யூபிஎஸ்ஸா, இரண்டு பெட்டியின் வோல்ட் அளவும் பொருந்துகிறதா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

6. நேரம் குறிப்பது

டர்பனில் இரவு 8 என்றால் மொரீஷியஸில் 10, தமிழ்நாட்டில் 11.30. இங்கே யாரும் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆகவே இந்த வித்தியாசம் வருடம் முழுக்க இதேதான். புதியவர்கள் நால்வர் சேர்ந்தால் ஒரு நிலவறைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், பேச்சு அதிகமானால் இரண்டரை. நாங்கள் ஞாயிறு மாலை 5 மணிக்கு மாற்றிக்கொண்டோம். சனிக்கிழமை வைத்துப் பார்த்தோம், புரட்டாசி வந்ததும் அண்ணன் வீட்டில் சனிக்கிழமை பூஜை, ஆள் கிடைக்கவில்லை. காவடிக்கு விரதம் இருக்கும் வாரங்களையும் அவரிடம் முன்பே கேட்டுக்கொள்வோம். இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் இதெல்லாம் நம் ஊரைவிடக் கண்டிப்பு.

7. யார் வீட்டில் ஆட்டம்

ஆட்டத்தைத் தொடங்கி அழைப்பவர்தான் ஹோஸ்ட். ஆட்டம் அவர் கணினியை நம்பித்தான் ஓடும். ஆகவே நன்றாக விளையாடுபவரைத் தேடாதீர்கள். வாராவாரம் தவறாமல் வருபவர், கரண்டும் இணைப்பும் நிலையாக உள்ளவர், அவரே ஹோஸ்ட். யாருக்கு எந்த வீரர் என்று ஒதுக்குவதும் அவர்தான். நடுவில் ஒருவர் இணைப்பு அறுந்தால் அவருடைய வீரரை ஹோஸ்டே நகர்த்தி ஆட்டத்தை முடித்துவிடலாம்.

பேச டிஸ்கார்ட் என்ற குரல் அழைப்புச் செயலி போதும். ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வகை ஆட்டம் உண்டு. கேம்பெய்ன் என்பது அட்டைப்பெட்டியில் உள்ள 95 நிலவறைகளின் கதை. கில்ட்மாஸ்டர் கணினிக்கென்றே செய்தது, படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும். நாங்கள் வீறாப்பாகக் கேம்பெய்னில் இறங்கி முதல் நிலவறையிலேயே மூன்று முறை தோற்றோம். அது புதியவர்களைப் போட்டு மிதிக்கும். முதல் மாதம் கில்ட்மாஸ்டர் ஆடுங்கள். அதற்கும் முன்னால் ஆளாளுக்குத் தனியாகப் பயிற்சிப் பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒருவர் முடிக்காமல் வந்தாலும் மற்ற மூவரும் வாத்தியார் ஆகிவிடுவார்கள்.

8. சீட்டை எண்ணுங்கள்

இதுதான் ஆட்டம். நாங்கள் தோற்றதெல்லாம் அடி வாங்கி அல்ல, சீட்டு தீர்ந்து.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சீட்டு எடுக்கிறீர்கள். ஒன்றின் மேல்பாதி, மற்றதன் கீழ்ப்பாதி. பெரும்பாலும் மேலே அடி, கீழே நடை. ஆடியவை கழிந்த கட்டுக்குப் போகும். கை காலியானதும் ஓய்வெடுத்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஒவ்வோர் ஓய்வுக்கும் ஒரு சீட்டு நிரந்தரமாகத் தொலையும். ஆட இரண்டு சீட்டு இல்லாமல், ஓய்வெடுக்கவும் வழி இல்லாமல் போனால் உங்கள் வீரர் களைத்து விழுவார். உடம்பில் உயிர் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அவ்வளவுதான்.

கேம்பெய்ன் தொடக்கத்தில் கிடைக்கும் ஆறு வீரர்களுக்கும் கைச்சீட்டு ஒரே அளவு இல்லை. டிங்கரருக்கு 12, க்ராக்ஹார்ட்டுக்கு 11, ப்ரூட்டுக்கும் மைண்ட்தீஃபுக்கும் 10, ஸ்கவுண்ட்ரலுக்கு 9, ஸ்பெல்வீவருக்கு 8. சின்ன வித்தியாசம் போலத் தெரியும். சுற்றை வீணாக்காத குறும் ஓய்வு மட்டும் எடுத்து, வேறு எதையும் தொலைக்காமல் ஆடினால் 12 சீட்டுக்காரர் 36 சுற்று தாங்குவார், 10 சீட்டுக்காரர் 25, 8 சீட்டுக்காரர் 16. ஸ்பெல்வீவரிடம் மட்டும் தொலைந்த சீட்டுகளைத் திரும்ப எடுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை எப்போது போடுவது என்று தெரியாதவர் முதலில் அவரை எடுக்க வேண்டாம். என் தோழி எடுத்தாள், ஒவ்வொரு முறையும் முதலில் படுத்தவள் அவள்தான்.

சில சீட்டுகளை ஆடினாலே தொலைந்துவிடும், அடி மட்டும் இடி மாதிரி இருக்கும். முதல் அறையிலேயே அதைப் போட ஆசை வரும். கணக்குப் பாருங்கள்: 10 சீட்டுக்காரர் முதல் ஓய்வுக்கு முன் அப்படி ஒன்றைத் தொலைத்தால் 25 சுற்று 21 ஆகிவிடும். நான்கு சுற்று போயிற்று. கடைசி அறையில் அதையே போட்டால் ஒரு சுற்றுகூடக் குறையாமல் போகலாம். பெரிய அடியைக் கடைசிக்கு வையுங்கள்.

நெடும் ஓய்வுக்கு ஒரு சுற்று முழுதும் போகும், ஆனால் எந்தச் சீட்டைத் தொலைப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு உயிர்ப்புள்ளியும் கூடும், பயன்படுத்திய பொருள்களும் திரும்ப வரும். எதிரி பக்கத்தில் இல்லாதபோது அதுதான் நல்லது. வாங்கும் அடி தாங்க முடியாததாக இருந்தால் கையிலிருந்து ஒரு சீட்டையோ கழிந்த கட்டிலிருந்து இரண்டையோ கொடுத்து அதைத் தடுக்கலாம். சின்ன அடிக்கெல்லாம் அப்படிச் செய்யாதீர்கள், உயிர் குறைந்தால் ஏற்றலாம், சீட்டு போனால் போனதுதான்.

அப்புறம் முந்துவது. சீட்டில் உள்ள எண் சிறிதாக இருந்தால் முதலில் ஆடுவீர்கள். அட்டைப்பெட்டி விதிப்படி அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. குரல் அழைப்பில் யாரும் தடுக்கப் போவதில்லை என்றாலும் நாங்கள் அதைக் காப்பாற்றுகிறோம்: ‘முந்தி’, ‘நடு’, ‘பிந்தி’ என்ற மூன்று சொல் மட்டும். அண்ணனுக்குத் தமிழ் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வந்ததோடு சரி, ஆனால் இந்த மூன்றை இப்போது அவர் மகள்கூடச் சொல்கிறாள். எண் சொல்லாததால் பேச்சும் குறைகிறது. இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குக் கால்மணி நேரம் வாதாடுவோம்.

9. கதவும் காசும்

கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் அந்தச் சுற்றிலேயே உங்கள் மேல் பாய்வார்கள். மற்றவர்கள் பின்தங்கி நிற்கும்போது ஒருவர் மட்டும் ஓடிப்போய்த் திறப்பது தற்கொலை. எங்கள் தம்பிக்கு அந்த வியாதி இருந்தது. எல்லோரும் ஓய்வெடுத்து, கதவருகே வந்து, கையில் சீட்டோடு நிற்கிறோமா என்று கேட்டுவிட்டுத் திறக்கவும்.

காசு பொதுக்காசு அல்ல. யார் பொறுக்குகிறாரோ அவருக்கு, ஒருவருக்கொருவர் கொடுக்கவும் முடியாது. எதிரி விழுந்த கட்டத்தில் உங்கள் முறையை முடித்தால் அது உங்களுடையது. முன்னால் நின்று அடி வாங்கும் ப்ரூட் ஏழையாகவும் பின்னால் வந்த ஸ்கவுண்ட்ரல் சீமானாகவும் ஆவது வாடிக்கை. எங்கள் வீட்டில் முதல் மனத்தாங்கல் இதில்தான் வந்தது. இப்போது கவசம் வாங்காதவருக்கு முன்னுரிமை என்று வைத்திருக்கிறோம். கேம்பெய்னில் தோற்றுப் போனாலும் அதுவரை பொறுக்கிய காசு கையில் நிற்கும். ஆனால் தரையில் விட்ட காசு போய்விடும். கடைசி எதிரி விழுந்ததும் அந்தச் சுற்றோடு நிலவறை முடிந்துவிடும். அதனால் அவனை அடிக்கப் போகிறவர் ‘முந்தி’ என்றால் மற்ற மூவரும் ‘பிந்தி’ சொல்லிக் காசுப் பக்கம் நடங்கள்.